ஆச்சு ஆணி

எட்டாவது வரைக்கும் படித்தேன். ஊத்தங்கரைப் பக்கம். அதற்கு மேல் படிக்கவில்லை. வருத்தமும் இல்லை.

கல்யாணமாகி ஓசூர் வந்தேன். அத்திப்பள்ளி தாண்டி ஒரு கார்மென்ட்ஸில் ஒன்பது வருஷம் செக்கிங். சட்டையைத் திருப்புவேன். தையல் பார்ப்பேன். பட்டனை இழுப்பேன். சரியாக இருந்தால் என் நம்பர் ஸ்டிக்கர். இல்லையென்றால் ஆல்டர் என்று பிரித்துத் தைக்கத் திருப்பி அனுப்புவேன். பேச வேண்டியதே இல்லை. எனக்குப் பிடித்த வேலை.

ஒரு நாள் அந்த லைனை மூடிவிட்டார்கள். பாகலூர் ரோட்டில் டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு ஆபீஸ், பெருக்கி டீ வாங்கி வைக்க ஆள் வேண்டும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போனேன்.

"இது என்ன ஆபீஸ் சார்?"

"கண்டென்ட்."

"அப்படின்னா?"

"கம்பெனிங்களுக்கு எழுதிக் குடுக்கறது."

"லெட்டருங்களா?"

"போர்டு, நோட்டீஸு, மெஷின் புக்கு, எல்லாம்."

அவ்வளவு பெரிய கம்பெனியில் எழுதத் தெரிந்த ஆள் இல்லையா என்று தோன்றியது. கேட்கவில்லை. வேலை கொடுக்கிறவரிடம் அதைக் கேட்கக் கூடாது.

போகப் போகப் புரிந்தது. ஓசூர் கம்பெனியில் ஒரு மெஷினைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றால் நாலு பாஷை. வெளிநாட்டுக்காரன் சர்டிபிகேட் கொடுக்க வருவான். சுவரில் போர்டு இருக்கிறதா என்று பார்ப்பான். போர்டு இங்கிலீஷில் இருக்கும், ஆளுக்குப் படிக்க வராது. அதைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதித் தருவதுதான் எங்கள் பிழைப்பு.

என்னைத் தவிர ஆபீஸில் நாலு பேர். சார் முன்னால் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் செக்‌ஷனில் இருந்தவர். அவர் வீட்டுக்கார அம்மா, மேடம், கம்ப்யூட்டரில் அடித்துப் பக்கம் கட்டுவார். தமிழ் எழுத ஒரு திருநெல்வேலிக்காரர். அவரை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். கன்னடம் எழுத ஆனேக்கல்லிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பொண்ணு. அது என்னை அக்கா என்று கூப்பிடும்.

நான் போனபோது ஐந்து கம்பெனி. ஒரே வருஷத்தில் இருபதுக்கு மேல் ஆயிற்று. ஆனால் மேஜை நாலுதான். பேப்பர் மேஜையிலிருந்து நாற்காலிக்கு வந்தது. நாற்காலியிலிருந்து தரைக்கு வந்தது. நான் பெருக்க வேண்டிய தரை. விளக்குமாறு வைக்க இடமில்லை. ஒரு கம்பெனியின் மெஷின் புக்கை அண்ணாச்சியின் தோசைப் பார்சலுக்குக் கீழேயிருந்து எடுத்தேன். சட்னி எந்தப் பக்கத்தில் பட்டிருந்ததோ அந்தப் பக்கத்தைத்தான் சார் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் ரோஜாத் தோட்டத்துப் பேப்பரும் பிரஸ் மெஷின் பேப்பரும் கலந்துவிட்டன. ரோஜாவை வெளிநாட்டுக்கு அனுப்புகிற தோட்டம் அது. மேடம் கவனிக்காமல் அடித்துவிட்டார். வெளியே போவதற்கு முன் ஆனேக்கல் பொண்ணு படித்துவிட்டு மேஜையில் தலையை வைத்துச் சிரித்தது.

"என்னடி?" என்றார் மேடம்.

"மேடம், பிரஸ் மெஷின் போர்டு கேளுங்க. 'மெஷினை ஆன் செய்யவும். கையுறை அணியவும். மொட்டு விரிவதற்கு முன் காம்போடு வெட்டவும்.'"

சார் சிரிக்கவில்லை. "இது போயிருந்தா?" என்றார்.

"போயிருந்தா எவனாவது பூ வச்சிருப்பான்" என்றார் அண்ணாச்சி.

அன்றைக்குத்தான் நான் வாயைத் திறந்தேன். "சார், கார்மென்ட்ஸ்ல ஒரு நாளைக்கு ஆயிரம் சட்டை போகும். ஒரு சட்டையோட கை இன்னொரு சட்டைக்குப் போகாது."

"எப்படி?"

"பண்டல் கட்டுவாங்க. பண்டலுக்கு ஒரு டிக்கெட்."

"கட்டு பாக்கலாம்" என்றார்.

கட்டினேன்.

வீட்டில் கல்யாணத் தாம்பூலப் பைகள் நிறைய இருந்தன. தெருவிலும் கேட்டு வாங்கினேன். ஒரு கம்பெனிக்கு ஒரு பை. சுவரில் ஐந்து வரிசை ஆணி அடிக்கச் சொன்னேன். முதல் வரிசைக்கு மேல் 'வெட்டு' என்று எழுதினேன். கம்பெனியிலிருந்து விஷயம் வந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்தது 'தையல்', எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்தது 'செக்கிங்'. அடுத்தது 'ஆல்டர்'. கடைசி 'ஆச்சு'. ஆச்சு ஆணியில் தொங்கும் பைதான் பிரிண்டுக்குப் போகலாம். பைக்குள் ஒரு அட்டை. யார் எழுதினார், யார் பார்த்தார், எப்போது போக வேண்டும். பையை எடுக்கிறவர் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தர் கையில் ஒரு நேரத்தில் ஒரு பைதான்.

அண்ணாச்சிக்குக் கோபம்.

"நான் எழுதுதது தையலாம்மா?"

"அப்படித்தான் எழுதியிருக்குங்க."

"நாப்பது வருசமா எழுதுதேன். என் எழுத்துல ஆல்டர்னு டிக்கெட் ஒட்டுதிய."

"ஒட்டலைங்க. கட்டியிருக்கேன்."

"சவத்தத் தூக்கித் தூரப் போடுங்க" என்றார். ஆனாலும் மறுநாள் ஆல்டர் ஆணியில் தன் பை எத்தனை என்று எண்ணினார். ஆனேக்கல் பொண்ணின் பை குறைவாக இருந்தது. அடுத்த வாரமே அண்ணாச்சி ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்.

பையில் ஒரே ஒரு தொந்தரவு. தாம்பூலப் பை என்றால் பொண்ணு மாப்பிள்ளை பேர் அச்சடித்திருக்கும். கியர் கம்பெனியின் பையில் மணமகள் பேர் பெரிதாக இருந்தது. ஆபீஸில் எல்லாரும் கியர் கம்பெனியை அந்தப் பொண்ணு பேரிலேயே கூப்பிட்டார்கள். "அவ இன்னும் செக்கிங்லயே நிக்கறா," "அவளுக்குக் கன்னடம் முடிஞ்சிருச்சு" என்று பேச்சு. ஒருநாள் மேடம் கியர் கம்பெனி மேனேஜரிடமே ஃபோனில் அந்தப் பேரைச் சொல்லிவிட்டார். அவர் வீட்டுக்காரம்மா பேரும் அதுவேயாம். அன்றைக்கே பையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டேன்.

மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. தரை தெரிந்தது. நானும் பெருக்கினேன், பையும் பார்த்தேன்.

அப்போது சார் என்னைக் கூப்பிட்டார். மேடம் டீ குடிக்கக் கீழே போயிருந்த நேரம்.

"பெங்களூர்ல என் தங்கச்சி வீட்டுக்காரர் இருக்காரு. சாஃப்ட்வேர். எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே போட்டுத் தரேங்கறாரு. பை வேணாம், ஆணி வேணாம். திங்கக்கிழமை வராரு."

"சரிங்க."

"அது வந்தா உனக்கு வேலை கம்மி. பெருக்கறதுக்கு மட்டும்னா அரை நாள் ஆள் போதும்னு மேடம் சொல்றாங்க."

அரை நாள் வேலையில் என் வீடு ஓடாது. அவருக்கும் தெரியும்.

"பிரஸ் மெஷின் ஓடற பெரிய கம்பெனியோட பாதுகாப்பு வாரம் வருதில்ல. நாப்பது போர்டு. அது தப்பில்லாம போச்சுன்னா நான் மேடம்கிட்ட பேசறேன். பை இருக்கட்டும்பேன். நீயும் இரு. ஒண்ணு சிக்குச்சுன்னா என்னால பேச முடியாதும்மா."

"சரிங்க சார்" என்றேன்.

நாற்பது போர்டும் மேலே தமிழ், கீழே கன்னடம், நடுவில் படம். வெட்டு, தையல், செக்கிங் எல்லாம் தாண்டியது. கம்பெனியின் பாதுகாப்பு ஆபீசருக்கு மாதிரி பேப்பர் அனுப்பியாயிற்று. அவர் பார்த்துச் சரி சொன்னால் ஆச்சு ஆணி. அவர் கன்னடக்காரர். தமிழ் பேசுவார், படிக்க வராது.

வியாழக்கிழமை காலை நான்தான் ஃபோன் போட்டேன்.

"சார், போர்டு பேப்பர் எல்லாம் பாத்துச் சொல்லணும் சார்."

பின்னால் மெஷின் சத்தம். "ஆய்த்து, ஆய்த்து" என்றார். வைத்துவிட்டார்.

கார்மென்ட்ஸில் எங்கள் சூப்பர்வைசர் கன்னடக்காரி. மணிக்கு ஒருதரம் வந்து "ஆய்த்தா?" என்பாள். பண்டல் முடிந்திருந்தால் "ஆய்த்து" என்போம். ஒன்பது வருஷம் அந்த வார்த்தையிலேயே குடித்தனம் நடத்தினேன். எனக்குத் தெரிந்த ஆய்த்து அது ஒன்றுதான். பையைத் தூக்கி ஆச்சு ஆணியில் மாட்டினேன். சாயங்காலம் பேனர் அடிக்கிற கடைக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அந்த ஆபீசரே ஃபோன் பண்ணினார். நான்தான் எடுத்தேன்.

"அம்மா, அந்தப் போர்டு பேப்பர் இன்னிக்குத்தான் நோட்தீனி, பாக்கறேன். நாளைக்குச் சொல்றேன்."

"நேத்து ஆய்த்துன்னீங்களே சார்."

"ஹௌது, ஆமா. ஆய்த்துன்னு சொன்னேன்."

"அப்ப பாத்தாச்சுன்னு..."

"இல்லம்மா! ஆய்த்து அந்த்ரே, சரி, பாக்கறேன்னு!"

ஃபோனை வைத்தேன். ஆனேக்கல் பொண்ணு என் முகத்தைப் பார்த்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"அய்யோ அக்கா. எங்கம்மாகிட்ட பத்து ரூபா கேட்டா 'ஆய்த்து ஆய்த்து'ன்னு சொல்வாங்க. வருஷக் கணக்கா சொல்றாங்க. இன்னும் வரல."

"முடிஞ்சதுக்கும் அதேதானே சொல்றீங்க?"

"அதுக்கும் அதேதான்."

"எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

யோசித்தது. "மூஞ்சியப் பாத்து" என்றது.

ஃபோனில் மூஞ்சி தெரியாது. தப்பு அவர்மேல் இல்லை. செக்கிங்கில் இத்தனை வருஷம் நின்றவள் நான். ஸ்டிக்கர் இல்லாமல் ஒரு சட்டையை நகர விட்டதில்லை. இங்கே ஒரு வார்த்தையைக் கேட்டு நாற்பதை நகர விட்டேன். அட்டையில் கம்பெனிக்காரர் கையெழுத்துப் போட ஒரு கட்டமே நான் வைக்கவில்லை.

பேனர் கடைக்கு ஃபோன் போட்டு நிறுத்தச் சொன்னேன். நாலு அடித்திருந்தார்கள். பிறகு சாரிடம் போய்ச் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். நீட்டினாலும் அதேதான்.

சார் நெற்றியைத் தேய்த்தார். "திங்கக்கிழமை காலைல பாதுகாப்பு வாரம் ஆரம்பம். அவர் சனிக்கிழமை சொல்லி, நாம மாத்தி, அடிச்சு... முடியுமா?"

"நான் போய் வாங்கிட்டு வந்துடறேன் சார்."

"எத?"

"கையெழுத்த."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, அந்தக் கம்பெனி கேட்டுக்குள்ள காக்கா போனாலே பாஸ் கேப்பானுவ."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். நாற்பது பேப்பரின் இன்னொரு நகல், பேனா, துணி கிளிப்பு ஒரு டஜன். டவுன் பஸ் ஏறினேன்.

அண்ணாச்சி சொன்னது சரி. செக்யூரிட்டி விடவில்லை.

"ஆபீசர் உள்ள மெஷின் லைன்ல இருக்காரும்மா. எப்ப வருவாருன்னு தெரியாது. பேப்பர குடுத்துட்டுப் போங்க."

"குடுத்துட்டுத்தான் போனோம். அதான் இங்க நிக்கறேன்."

"அப்ப அந்த ஓரமா நில்லுங்க."

ஓரம் என்றால் சைக்கிள் ஸ்டாண்டு. நின்றேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. பையில் பேப்பர் கசங்கியது. கசங்கினதை அவரிடம் நீட்டக் கூடாது என்று ஸ்டாண்டின் கம்பியில் வரிசையாகக் கிளிப்பு போட்டுத் தொங்கவிட்டேன். கிளிப்பு போதவில்லை. மிச்சத்தைச் சைக்கிள் கேரியரில் செருகினேன். வேறு யோசனை ஒன்றும் இல்லை.

ஷிஃப்ட் மாறும் நேரம். ஒரு கூட்டம் உள்ளேயிருந்து வந்தது. கெலமங்கலத்துக்காரர்கள், ராயக்கோட்டைக்காரர்கள், மதுரைப் பக்கத்து ஆட்கள், கன்னட ஆட்கள். சைக்கிளை எடுக்க வந்தவர்கள் பேப்பரைப் பார்த்து நின்றார்கள்.

"என்னக்கா இது, லாட்டரி ரிசல்ட்டா?"

"போர்டு. உங்க கம்பெனிக்குத்தான். படிச்சுப் பாருங்க."

ஒருத்தன் சத்தமாகப் படித்தான். "அழுத்தும் பொறி இயங்கும்போது விரல்களை விலக்கி வைத்துக்கொள்ளவும்."

படித்துவிட்டுத் தன் கையைப் பார்த்தான். ஐந்து விரலையும் அகலமாக விரித்தான். "இப்படியாக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருத்தன் விரலை விரித்து மெஷினுக்குள் விடுகிற மாதிரி செய்துகாட்டினான். "அஞ்சும் தனித்தனியா போவும்டா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணாச்சி எழுதியது தப்பில்லை. தள்ளி வை என்றுதான் எழுதியிருக்கிறார். ஆனால் இவன் விரித்துவிட்டானே. அட்டையை எடுத்து 'ஆல்டர்' என்று எழுதினேன்.

"நீங்க எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டேன்.

"மெஷின் ஓடும்போது கைய உள்ள விடாதே. அவ்ளோதான்."

"விடாதீர்கள்னு போடணுமில்ல? மரியாதை?"

"கை போனப்புறம் மரியாதைய வச்சு என்னக்கா பண்றது?"

அவன் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். மரியாதையை விட்டுவிட்டு மிச்சத்தை.

அடுத்த பேப்பருக்குப் போனார்கள். "முகக்காப்பு" என்றால் என்ன என்று கேட்டான் ஒருத்தன். "சாமிக்குப் போடறதுடா" என்றான் இன்னொருத்தன். படத்தைப் பார்த்துவிட்டு "ஃபேஸ் ஷீல்டா! அப்படியே போடுக்கா" என்றார்கள். கன்னடக்காரர்கள் கீழ்ப்பாதியைப் படித்தார்கள். அதில் இரண்டு ஆல்டர் வந்தது. இனி ஆனேக்கல் பொண்ணும் சிரிக்க முடியாது. ஆளேற்ற நின்ற கம்பெனி பஸ்ஸின் டிரைவர் ஹாரன் அடித்தார். யாரும் நகரவில்லை. உள்ளே போக வேண்டிய ஷிஃப்ட்டும் சேர்ந்துகொண்டது. ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள்.

அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் ஆபீசர் ஓடி வந்தார். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை.

"ஏனு கலாட்டே? ஸ்ட்ரைக்கா?"

"இல்ல சார்," என்றார் செக்யூரிட்டி, "படிக்கறாங்க."

"ஏனு?"

"உங்க போர்டத்தான் சார்."

ஆபீசர் கம்பியைப் பார்த்தார். கேரியரைப் பார்த்தார். விரலை விரித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பேனாவை நீட்டினேன்.

"ஆய்த்து ஃபோன் பண்ணது நீங்களா?"

"ஆமாங்க."

"நான் ஏழு வருஷமா இங்க போர்டு மாட்டறேன்மா. ஒருத்தன் நின்னு படிச்சு நான் பாத்ததில்ல."

"கையெழுத்து சார்" என்றேன்.

அவர் அங்கேயே நின்று பார்த்தார். தமிழை ஆட்கள் படித்துச் சொன்னார்கள். கன்னடத்தை அவரே படித்தார். இருபத்தொன்பதுக்குக் கையெழுத்துப் போட்டார். பதினொன்று ஆல்டர். அடித்து வைத்திருந்த நாலில் விரல் போர்டும் ஒன்று. அது போனது போனதுதான்.

ஆபீஸுக்குத் திரும்பியதும் அண்ணாச்சியிடம் ஆல்டரைக் கொடுத்தேன். படித்தார்.

"எவன் சொன்னான் இத?"

"பிரஸ் மெஷின்ல நிக்கறவன்."

"விரிச்சா காட்டுனான்?"

விரித்துக் காட்டினேன். அண்ணாச்சி தன் கையையும் விரித்துப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். 'விடாதே' என்று எழுதும்போது மட்டும் வலித்த மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை பேனர் கடைக்காரரைச் சர்ச் வாசலிலேயே பிடித்துக் கூட்டி வந்தார் மேடம். திங்கட்கிழமை காலை முப்பத்தாறு போர்டு சுவரில் இருந்தது. மிச்சம் நாலு, தொடக்க விழாவுக்குக் கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்தவர் பேசி முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்தது. அவர் நிறைய நேரம் பேசினார். நல்லதாகப் போயிற்று.

அன்றைக்கு மதியம் பெங்களூர் மாப்பிள்ளை வந்தார். லேப்டாப் பையோடு நின்று சுவரைப் பார்த்தார்.

"என்ன மச்சான், ரேஷன் கடையா?"

சார் நடந்ததைச் சொன்னார். ஆய்த்திலிருந்து சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. தப்பு என்னுடையது என்பதையும் விடவில்லை. மாப்பிள்ளை கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என் சிஸ்டத்துல இந்தப் பிரச்னையே வராதும்மா. கிளையன்ட் அப்ரூவ் பண்ணலேன்னா அடுத்த ஸ்டெப்புக்குப் போகவே விடாது."

"நல்லதுங்க" என்றேன். "அவர் அப்ரூவ் பண்ணலேன்னா, போய்க் கேக்கறது யாருங்க?"

தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். ஆனேக்கல் பொண்ணு மட்டும் மூக்கால் சிரித்தது.

மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்தார். "மெயில் போகும்."

"பாத்துச் சொல்லுங்கன்னா?"

"ஆமா."

"அவர் திரும்ப ஆய்த்துன்னு போட்டார்னா?"

மாப்பிள்ளை சாரைப் பார்த்தார். சார் மேடத்தைப் பார்த்தார். மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "கேட்டுக்குப் போக ஆள் வேணும்" என்றார். அரை நாள் போதும் என்று சொன்னவரே அவர்தான்.

சார் சுவருக்குப் போனார். ஆச்சு என்று நான் எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்தார். மேலே 'கையெழுத்து' என்று எழுதினார். எழுத்து கோணலாக இருந்தது. என்னுடையது இன்னும் நன்றாக இருக்கும்.

"கம்ப்யூட்டர் மெதுவா வரட்டும் மாப்ள" என்றார். என்னிடம், "நாளையிலேர்ந்து எல்லாக் கம்பெனி கேட்டுக்கும் நீதான் போகணும். பெருக்க ஒரு ஆளப் பாரு" என்றார்.

"சரிங்க" என்றேன்.

எங்கள் தெருவில் ஒருத்தி இருந்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்துதான் வர முடியும் என்றாள். மறுநாள் காலை தரையெல்லாம் வெட்டின பேப்பர். விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.